தமிழ்நாட்டில் வாடகை வீடு: டு-லெட் போர்டில் தொடங்கி அட்வான்ஸ் கைக்கு வரும் வரை

வாடகை வீட்டுக்கான சட்டம் என்ன என்று நம்மூரில் யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். பதினோரு மாச அக்ரிமென்ட், பத்து மாச அட்வான்ஸ். இரண்டுமே சட்டம் சொன்னதில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. சார்பதிவாளர் அலுவலகப் படியேறாமல் தப்பிக்க யாரோ கண்டுபிடித்த கணக்குதான் பதினோரு மாதம். பத்து மாத அட்வான்ஸ் சென்னையில் ஊறிப்போன பழக்கம், அவ்வளவே.

இப்போது நடப்பில் இருப்பது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம். 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்பு இருந்தது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பழைய சட்டம் குடியிருப்பவர் பக்கம் சாய்ந்து நின்றது. நியாய வாடகை கேட்டு வழக்குப் போடலாம், ஓனர் காலி செய்யச் சொன்னால் ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் நூறு, இருநூறு ரூபாய் வாடகையில் தலைமுறை தாண்டி ஓடிய கடைகளும் வீடுகளும் அந்தச் சட்டத்தின் நிழலில் இருந்தவைதான். புதிய சட்டம் நியாய வாடகையைக் கைவிட்டுவிட்டது. நீங்கள் இருவரும் எழுதி ஒப்புக்கொண்ட தொகைதான் வாடகை.

இந்த ஒரு மாற்றத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். சட்டம் பல இடங்களில் உங்கள் ஒப்பந்தத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. ஆகவே கையெழுத்துப் போடும் அந்த நாலு பக்கத் தாளை, கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்ப்பதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிலமும் வாடகையும் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. மத்திய அரசு 2021இல் மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றை வெளியிட்டது. அது மாதிரிதான், மாநிலங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். பெங்களூருவில் வேலை பார்ப்பவருக்குக் கர்நாடகச் சட்டம், புதுச்சேரியில் இருப்பவருக்கு அங்குள்ள 1969ஆம் ஆண்டுச் சட்டம். இணையத்தில் 'வாடகைதாரர் உரிமைகள்' என்று சுற்றும் காணொளிகளில் பாதி எந்த மாநிலத்தைப் பற்றியது என்றே சொல்வதில்லை. இங்கே எழுதுவது தமிழ்நாட்டு நகரங்களில் குடியிருக்க வாடகைக்கு எடுக்கும் வீட்டைப் பற்றி மட்டும். அரசு, உள்ளாட்சிக் கட்டடங்களுக்கும், நிறுவனம் தன் ஊழியருக்கு வேலையோடு சேர்த்துத் தரும் குவார்ட்டர்ஸுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. கோயில், அறக்கட்டளைச் சொத்துகளுக்கும் விலக்கு இருக்கிறது, அங்கே குடியேறும் முன் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வீட்டைப் பார்க்கும்போது

சுவர்ப் பெயின்ட்டையும் பூஜை அறையையும் எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் மின் மீட்டரைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறும். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருந்தால் அந்த 100 யூனிட் முழுக்க உங்களுடையது. ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் சப்-மீட்டர் என்றால் கதை வேறு. மூன்று குடும்பத்தின் பயன்பாடும் ஒரே கணக்கில் சேர்ந்து மேல் விகிதத்துக்குப் போய்விடும். இலவச யூனிட்டும் ஒரே ஒரு தடவைதான். இதைச் சாக்காக வைத்து "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று ஓனர் ஒரு தட்டையான தொகை சொல்வார், அது வாரியத்துக்குப் போகும் தொகையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். "தனி மீட்டரா, சப்-மீட்டரா? சப்-மீட்டர்னா வாரியத்தோட பில்லைக் காட்டிப் பங்கு பிரிப்பீங்களா?" என்று டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. வாடகையில் ஐநூறு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம், கரண்ட் பில்லில் மாதாமாதம் போவதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

சென்னையில் தரைத்தளம் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் 2015 டிசம்பரும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் எதுவரை தண்ணீர் கொண்டுவந்தன என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள். ஓனரிடம் கேட்டால் "நம்ம வீட்டுக்கு வராது" என்பார். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் தண்ணீர்க் கோடு தெரியாது. மர அலமாரியின் அடிப்பலகை உப்பியிருப்பது, நிலைக்கதவின் கீழ் முனை கறுத்திருப்பது, பிளக் பாயின்ட்டெல்லாம் இடுப்புக்கு மேலே மாற்றப்பட்டிருப்பது ஆகிய மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். மேல்தளம் என்றால் பரணுக்கு மேல் மூலையையும், பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது வடகிழக்குப் பருவமழையில் வளரும்.

தண்ணீரைப் பற்றி மூன்று கேள்வி போதும். மெட்ரோ வாட்டர் அல்லது நகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? போர் தண்ணீர் ஏப்ரல், மே மாதங்களில் நிற்குமா? லாரித் தண்ணீர் வாங்கினால் காசு யார் கொடுப்பது? மழைநீர் சேகரிப்புத் தொட்டி 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம், ஆனால் இருக்கும் தொட்டி மண் மூடிக் கிடந்தால் பயன் இல்லை. அதைத் தூர்வாருவது யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதலாம்.

வீடு யாருடையது என்று பார்ப்பது

வாடகைக்குத்தானே வருகிறோம், பத்திரத்தையா கேட்பது என்று தோன்றும். பத்திரம் வேண்டாம். சொத்துவரி ரசீதும் மின் கட்டண ரசீதும் காட்டச் சொல்லுங்கள். அதில் இருக்கும் பெயரும் உங்களோடு ஒப்பந்தம் போடுபவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் வேறு என்றால் காரணம் இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்பா பெயரில் வீடு, மகன் வாடகைக்கு விடுகிறார், அப்பா இறந்துவிட்டார், மூன்று வாரிசுகள் என்றால் மற்ற இருவரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா? ஓனர் வெளிநாட்டில், மச்சான் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவரிடம் பவர் பத்திரம் இருக்கிறதா?

ஒத்திக்கு, அதாவது லீசுக்கு எடுப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. மாத வாடகை இல்லை, ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்து இரண்டு, மூன்று ஆண்டு இருந்துவிட்டு முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. கேட்க லாபமாக இருக்கும். ஆனால் நீங்கள் உண்மையில் செய்வது, முன்பின் தெரியாத ஒருவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது. வீட்டின் மேல் வங்கிக் கடன் நிலுவையில் இருந்து வங்கி ஜப்தி செய்தால், உங்கள் லட்சங்களுக்கு அந்த வீடு ஈடு நிற்காது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். அடமானப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். "ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கலாம், நம்பிக்கைதானே" என்பவரிடம் ஒத்திக்குப் போக வேண்டாம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

அட்வான்ஸ் பேசுவது

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. செய்தித்தாள்களில் இதைப் பார்த்துவிட்டுப் பலர் ஓனரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பிரிவின் தொடக்கத்தைப் படித்திருந்தால் போயிருக்க மாட்டார்கள். இருவருக்கும் இடையே வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் இந்த வரம்பு. பத்து மாதம் என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு மூன்று மாதக் கணக்கைப் பேசுவது கஷ்டம்.

ஆகவே பேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். 14,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் 1,40,000. மூன்று மாதம் என்றால் 42,000. நடுவில் 98,000 ரூபாய் வட்டியில்லாமல் ஓனரிடம் முடங்குகிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவது போல் பேசினால் வீடு கிடைக்காது. "சார், சட்டப்படி மூணு மாசம்தான். உங்களுக்கும் ஒரு தைரியம் வேணும்னு புரியுது, அஞ்சு மாசம் வெச்சுக்கலாமா? வாடகையை ஒண்ணாம் தேதியே அக்கவுன்ட்ல போட்டுடறேன்" என்பது பல இடங்களில் எடுபடுகிறது. ஓனருக்கு உண்மையில் பயம் அட்வான்ஸ் தொகையைப் பற்றியதில்லை. இரண்டு மாதம் வாடகை நின்றால் என்ன செய்வது, காலி செய்ய மாட்டேன் என்றால் என்ன செய்வது என்பதுதான்.

எவ்வளவு என்று முடிவானாலும் வங்கி வழியாகவே கொடுங்கள். பாதி ரொக்கமாகக் கேட்டால், அந்தப் பாதியையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதியிருக்க வேண்டும். புரோக்கர் கமிஷன் பொதுவாக ஒரு மாத வாடகை. அது நீங்களும் அவரும் பேசிக்கொள்வது, இந்தச் சட்டம் அதில் தலையிடவில்லை.

ஒப்பந்தம்

"நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கப் போறீங்க தம்பி, அக்ரிமென்ட் எல்லாம் எதுக்கு?" என்று அன்பாகச் சொல்லும் ஓனர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வீடு விடவே கூடாது என்பது 4ஆம் பிரிவு. வாய்ப்பேச்சில் ஓடிக்கொண்டிருந்த பழைய வாடகைகளுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போட அரசு கெடு கொடுத்து, அதைப் பலமுறை நீட்டித்தது. அப்படியும் ஒப்பந்தம் போடத் தவறினால் அதையே காரணமாக வைத்து வீட்டைத் திரும்பக் கேட்க ஓனருக்கு வழி இருக்கிறது. எழுத்து இல்லாமல் இருப்பது உங்களுக்குத்தான் ஆபத்து.

தட்டச்சுக் கடையில் கிடைக்கும் ஆயத்தப் படிவத்தில் ஓனருக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். நீங்கள் சேர்க்க வேண்டியவற்றை இப்படி எழுதலாம்:

"முன்பணம் ரூபாய் ______, வங்கிப் பரிமாற்ற எண் ______ வழியாகப் பெறப்பட்டது. வீட்டைக் காலி செய்து சாவி ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நிலுவை ஏதும் இருந்தால் அதற்கான ரசீதைக் காட்டிக் கழித்துக்கொண்டு, மீதியை உரிமையாளர் திருப்பித் தருவார்."

"வாடகை உயர்வு பதினொரு மாதத்துக்கு ஒருமுறை, அப்போதைய வாடகையில் ____ சதவீதத்துக்கு மேற்படாமல்."

"மின் கட்டணம் மின்வாரியப் பில்லின்படி. குடியேறிய தேதியில் மீட்டர் அளவு ______."

"பெயின்ட் அடிப்பதற்காக முன்பணத்தில் பிடித்தம் கிடையாது."

கடைசி வரிக்குக் காரணம் இருக்கிறது. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட்டுக்கு என்று பிடித்துக்கொள்வது நம்மூரில் எழுதாத சட்டம் போல ஆகிவிட்டது. ஆனால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்த்தால், வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பில்தான் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் அது செல்லும். ஆயத்தப் படிவத்தில் அந்த வேறு மாதிரி ஏற்கெனவே அச்சாகியிருக்கும். பார்த்து அந்த வாசகத்தை அடித்துவிடுங்கள்.

கையெழுத்தான பின் ஒரு அசல் பிரதி உங்களுக்கு வர வேண்டும். சட்டம் அதற்கு 15 நாள் கொடுக்கிறது. ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

பதிவு

இங்கேதான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். பதினோரு மாத ஒப்பந்தமாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியரால் நியமிக்கப்படும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். இதற்கென அரசு நடத்தும் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஓனர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, குடியிருப்பவரும் செய்யலாம். இருவரின் முகவரி, அடையாள விவரங்கள், பான் எண், கைபேசி எண், வீட்டின் விவரம், வாடகை, கால அளவு, மின்சாரம், தண்ணீர் போன்ற இதரக் கட்டணங்கள், கூடவே கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் ஆகியவை கேட்கப்படும். சரிபார்த்த பின் ஒரு வாடகைப் பதிவு எண் தருவார்கள். அதைக் குறித்து வையுங்கள்.

பதிவு செய்யாவிட்டால் என்ன? யாரும் வீடு தேடி வந்து அபராதம் போடப் போவதில்லை. ஆனால் தகராறு என்று வரும்போது பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்பதற்குச் சட்டமே தடை வைத்திருக்கிறது. அட்வான்ஸ் திரும்பி வரவில்லை என்று போய் நிற்கும்போது, கையில் இருக்கும் தாள் வெறும் தாளாக இருந்தால் எப்படி?

ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் சேர்ந்துகொள்ளும். 30 ஆண்டுக்குக் குறைவான குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். மேலே சொன்ன 14,000 ரூபாய் வீட்டை இரண்டு ஆண்டுக்கு எடுத்தால் மொத்த வாடகை 3,36,000. வாடகையை மட்டும் கணக்கிட்டால் தீர்வை 3,360, பதிவுக் கட்டணமும் அதே அளவு. ஆவண எழுத்தர் கூலி தனி. இரண்டாண்டுக்கு வாடகை ஏறாது, சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் நடுவில் கிளப்பவும் முடியாது என்ற உறுதிக்கு அந்தச் செலவு அதிகமில்லை என்பது என் எண்ணம்.

குடியிருக்கும் காலம்

ஓனர் கீழ்வீட்டில் இருந்தால் அன்றாடம் நூறு சின்ன விஷயம் வரும். எல்லாவற்றுக்கும் சட்டத்தை எடுக்கக் கூடாது, ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

ஓனர் உங்கள் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏன் வருகிறார், எப்போது வருகிறார் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். தீ, வெள்ளம் போன்ற அவசரத்துக்கு இது பொருந்தாது. நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் மாற்றுச் சாவி போட்டுத் திறந்து, அடுத்து வரப்போகிறவருக்கு வீட்டைக் காட்டுவதற்கு அனுமதி இல்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு பிளம்பரோட வரேன்மா" என்ற வாட்ஸ்அப் செய்தி வந்தாலே போதும் என்று பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், நடைமுறையில் அது சரிதான்.

ரிப்பேர் விஷயத்தில் சட்டம் தெளிவாகப் பிரித்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, குழாய் லைன் மாற்றுவது, வயரிங், வெள்ளையடிப்பு எல்லாம் ஓனருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், கீசர் பழுது, சிங்க் அடைப்பு, பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி எல்லாம் உங்களுக்கு. ஓனர் தன் பங்கைச் செய்யாமல் இழுத்தடித்தால் நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. கழிக்கும் முன் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், கொத்தனாரோ எலக்ட்ரீஷியனோ கொடுத்த பில் இருக்க வேண்டும். கையில் பில் இல்லாமல் கழித்தால் அது வாடகை பாக்கியாகத்தான் கணக்காகும்.

தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது இரண்டும் காலி செய்ய வைக்கும் பழைய உத்திகள். 20ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசியங்களை ஓனரோ அவருடைய ஆளோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திருப்பித் தர இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. வாடகை பாக்கி இருந்தாலும்கூட ஓனர் இதைச் செய்ய முடியாது. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு வழி இருக்கிறது.

நண்பனைக் கொண்டுவந்து அறையில் தங்க வைத்து அவனிடம் வாடகை வாங்குவது உள்வாடகை. எழுத்தில் ஓனர் சம்மதம் இல்லாமல் செய்தால் உங்களையே வெளியேற்ற அது காரணமாகும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து மூன்று மாதம் இருப்பது அப்படி ஆகாது, 'விருந்தினர் இத்தனை நாள்தான்' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய. வீட்டில் டியூஷன், தையல், மசாலா பாக்கெட் போடுவது என்று ஏதாவது செய்யும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டு உபயோக மின் இணைப்பில் வியாபாரம் நடந்தால் மின்வாரியமே கேள்வி கேட்கும், அந்தத் தொல்லை ஓனர் தலையில் விழும்.

நாய், பூனை வளர்ப்பது தனிச் சண்டை. குடியிருப்போர் சங்கங்கள் செல்லப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனால் வாடகைக்கு விடும் ஓனர் "பிராணி கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதை மீறுவது உங்கள் பக்கத்தைப் பலவீனமாக்கும். அசைவம், பேச்சிலர், சாதி, மதம் என்று வீடு மறுப்பதை இந்த வாடகைச் சட்டம் தொடவே இல்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது இதைத்தான். சத்தத்துக்கு மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு விதிகள் உண்டு: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாடிவீட்டு மிக்ஸி சத்தத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வாடகை ரசீது பற்றி ஒரு வரி. வங்கி வழியாகச் செலுத்தினால் அந்தப் பதிவே சான்று. வருமான வரியில் வீட்டு வாடகைப் படி கழிவு கேட்பவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் தர வேண்டியிருக்கும். அதை ஒப்பந்தத்தின்போதே வாங்கிவிடுங்கள், மார்ச் மாதத்தில் கேட்டால் பல ஓனர்களுக்கு முகம் மாறும்.

வாடகை உயர்வு, காலி செய்யச் சொல்வது

எவ்வளவு சதவீதம் உயர்த்தலாம் என்று சட்டத்தில் எண் இல்லை. ஒப்பந்தத்தில் இருப்பதுதான். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் "பக்கத்து வீட்டுல இருபதாயிரம் போகுது" என்று உயர்த்த முடியாது. ஓனர் புதிதாகக் கட்டியோ மேம்படுத்தியோ செலவு செய்தால், வேலை தொடங்கும் முன்பே நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் அதற்கேற்ப உயரும்.

ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், நீங்களும் காலி செய்யாமல் இருந்தால், அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதிகபட்சம் ஆறு மாதம். அதன் பிறகு தங்கினால் வாடகையைவிடக் கூடுதலான இழப்பீடு கொடுக்க வேண்டிவரும். நம்மூரில் ஒப்பந்தம் முடிந்து மூன்று ஆண்டு ஆகியும் இரண்டு பக்கமும் அதைப் பற்றிப் பேசாமலே வாழும் குடும்பங்கள் ஏராளம். உறவு நன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வீட்டை விற்க ஆள் வரும் நாளில்தான் தெரியும்.

காலி செய்ய வைக்க ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கியை, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் கட்டாதது, உள்வாடகை, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்ட அல்லது பெரிய பழுது பார்க்க வேண்டியிருப்பது, சொந்தக் குடியிருப்புக்குத் தேவைப்படுவது ஆகியவை முக்கியக் காரணங்கள். காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி "ரெண்டு நாள்ல காலி பண்ணு" என்று சொல்வது சட்டத்தில் இல்லாத வழி. சிவில் நீதிமன்றமும் இதில் வராது, வாடகை நீதிமன்றம், அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம்.

ஓனர் வேண்டுமென்றே வாடகையை வாங்காமல் இருந்து, பிறகு பாக்கி என்று வழக்குப் போடும் தந்திரமும் உண்டு. அப்படி மறுத்தால் மணியார்டரிலோ வங்கி வழியாகவோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்புங்கள். அதையும் ஏற்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்திவிடலாம். மணியார்டர் திரும்பி வந்த சீட்டைக் கிழிக்க வேண்டாம்.

குடியிருப்பவர் இறந்துவிட்டால் கூடவே வசித்த மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் மீதிக் காலத்துக்கு அதே ஒப்பந்தத்தில் தொடரலாம். வீடு கைமாறினாலும் புதிய ஓனர் பழைய ஓனரின் இடத்தில் நிற்கிறார். அட்வான்ஸ் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதா என்று அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

காலி செய்வது, அட்வான்ஸ் வாங்குவது

ஒப்பந்தத்தில் எத்தனை மாத நோட்டீஸ் என்று இருக்கிறதோ அதை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்ன தேதியை ஓனர் மறந்துபோவார், அது மனித இயல்பு. "கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க" என்பது பரவலாக நடக்கிறது. ஓனர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் செய்யலாம், அவர் ஒத்துக்கொள்ளாமல் நீங்களாக நிறுத்தினால் அது பாக்கி.

கடைசி நாளில் சாமான் ஏற்றிய பின், காலி வீட்டை வாசலில் தொடங்கி மொட்டை மாடிவரை ஒரே காணொளியாக எடுங்கள். ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுக் காட்டுங்கள், குழாய்களைத் திறந்து மூடுங்கள், மின் மீட்டரின் எண் தெளிவாகத் தெரியும்படி இரண்டு நொடி நிறுத்துங்கள். குடியேறும் நாளிலும் இதையே செய்திருந்தால், "இந்த விரிசல் உங்களாலதான்" என்ற வாதத்துக்கு இரண்டு காணொளியும் பக்கம் பக்கமாகப் பதில் சொல்லும். மின் கட்டணத்துக்கு அடுத்த ரீடிங் வரும்வரை அட்வான்ஸை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. மீட்டர் எண்ணை வைத்து அன்றே கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடலாம்.

சாவி கொடுக்கும்போது "இன்ன தேதியில் சாவி பெற்றுக்கொண்டேன், முன்பணம் ரூபாய் ______ தர வேண்டியது" என்று ஒரு வரி ஓனரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், அதே வாசகத்தை நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வரவழையுங்கள். அந்தத் தேதியில் தொடங்கி ஒரு மாதம் அவருக்கு அவகாசம். "புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தாதான் உங்களுக்குத் தர முடியும்" என்பது அடிக்கடி கேட்கும் பதில். அவர் கஷ்டம் அவருக்கு, சட்டத்தில் அப்படியொரு நிபந்தனை கிடையாது.

ஒரு மாதம் கடந்தும் பணம் வரவில்லை என்றால், ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தொகை, சாவி கொடுத்த தேதி, உங்கள் வங்கிக் கணக்கு, புதிய முகவரி, பதினைந்து நாள் கெடு, இவ்வளவு இருந்தால் போதும். கோபம் எதுவும் அதில் வேண்டாம். பெரும்பாலான ஓனர்கள் இந்தக் கடிதத்திலேயே வழிக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால் வாடகைப் பதிவு எண், ஒப்பந்தத்தின் அசல், வங்கிப் பதிவு, சாவி ஒப்படைத்த வரி, தபால் ஒப்புகை ஆகியவற்றோடு உங்கள் பகுதிக்கான வாடகை அதிகாரி அலுவலகத்துக்குப் போய், மனு அவரிடமா வாடகை நீதிமன்றத்திலா என்று கேட்டு அங்கே தாக்கல் செய்யுங்கள்.